அபயம் கேட்பது அதர்மமா?

கணவன் கையால் அடிபட்ட ஒரு பெண், தன் வீட்டுப் பெரியவர்களிடமோ, நம்பிக்கைக்குரிய குருக்களிடமோ, பாதிரியாரிடமோ தயங்கித் தயங்கி வந்து கேட்கிற கேள்வி பெரும்பாலும் சட்டத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. எந்தக் கோர்ட்டுக்குப் போவது, மனுவை யாரிடம் கொடுப்பது என்பவையெல்லாம் பிறகு வருகிறவை. அவற்றை ஒரு வக்கீல் குமாஸ்தா ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். தாலி கட்டியவனைப் பற்றி அரசாங்கத்தின் வாசலில் போய் முறையிடுவது பாவமாகுமா, பொறுத்துப் போவதே ஸ்திரீ தர்மம் என்று தாயும் பாட்டியும் கற்பித்ததற்கு அது துரோகமாகுமா என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்துக்கொண்டிருப்பது. இந்தக் கேள்வியை மூடத்தனம் என்று ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உடம்பெல்லாம் வலிக்கும்போதும் தர்மத்தைப் பற்றி விசாரம் செய்கிற மனம் வணக்கத்துக்குரிய மனம். அதற்கு விடை சொல்லாமல் சட்டப் பிரிவுகளை மட்டும் ஒப்பிப்பவர் அவளைப் பாதி வழியில் விட்டுவிடுகிறார். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறையை ஒரு காலத்திலேனும் அனுபவித்தவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஆகவே இது எங்கோ ஒரு வீட்டின் கேள்வி அன்று.

பொறுத்துப் போகச் சொல்பவர்களின் கட்சியை அதன் முழு வலிமையோடு எடுத்துச் சொல்வதே நியாயம். பொறுமை நம் சமயங்கள் அனைத்திலும் உயர்ந்த குணமாகவே போற்றப்பட்டிருக்கிறது. வள்ளுவர் அதற்கு இல்லறவியலிலேயே ஓர் அதிகாரம் வகுத்தார். வனவாசத்தில் துவைத வனத்திலே திரௌபதி, அநியாயம் செய்தவர்கள்மீது உமக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டபோது, தர்மபுத்திரர் க்ஷமையைத் தவிர உலகைத் தாங்குவது வேறொன்றில்லை என்ற பொருளில் நெடியதோர் உபதேசமே செய்தார். “பொறுத்துக்கோம்மா, நாலு சுவத்துக்குள்ளே நடக்கறது நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்” என்று மகளிடம் சொல்கிற தாய், கொடுமைக்குத் துணைபோகும் எண்ணத்தோடு அதைச் சொல்லவில்லை. தான் உயிர் பிழைத்த ஒரே வழியைத் தன் பெண்ணுக்கும் சொத்தாகக் கொடுக்கிறாள்.

ஆனால் அதே வன பர்வத்தில் திரௌபதி வாயடைத்துப் போய்விடவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தர்மபுத்திரர் அந்த உபதேசத்தைச் செய்வதற்கு முன்பே அவள், பிரகலாதர் தம் பேரன் பலிக்குச் சொன்ன புராதன வார்த்தையை எடுத்துக் காட்டியிருக்கிறாள்: எப்போதும் தண்டிப்பதும் நன்மை அன்று, எப்போதும் பொறுப்பதும் நன்மை அன்று, என்றும் பொறுத்துக்கொண்டே இருப்பவனை வேலைக்காரர்களும் மதிக்க மாட்டார்கள், அறியாமல் செய்த பிழையும் முதல் பிழையும் பொறுக்கத் தக்கவை, அறிந்தே மீண்டும் செய்யும் பிழை அப்படிப்பட்டதன்று. தர்மபுத்திரரின் விடையைப் படிப்பவர்கள், வியாசர் பக்கத்திலேயே வைத்த இந்தக் கேள்வியையும் படிக்க வேண்டும். ஒன்று மட்டும் போதும் என்று அவர் நினைத்திருந்தால் மற்றொன்றை எழுதியிருக்க மாட்டார்.

இதிலும் ஆழமான விஷயம் ஒன்றுண்டு. பொறுமை என்பது, எதிர்த்து நிற்கக் கூடியவன் எதிர்க்காமல் இருப்பது. எதிர்த்தால் இன்னும் இரண்டு அடி விழும், குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள், இரவில் கதவுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள் என்ற நடுக்கத்தால் வாய்மூடிக் கிடப்பவளிடம் இருப்பது பொறுமை அன்று, அது பயம். பயத்துக்குப் பொறுமை என்று பெயரிட்டு அதைப் புண்ணியக் கணக்கில் எழுதுவது, அவளுக்கும் நியாயம் ஆகாது, பொறுமை என்ற பெருங்குணத்துக்கும் நியாயம் ஆகாது. கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வீக குணங்களை எண்ணத் தொடங்கும் பகவான் எடுத்த எடுப்பில் வைப்பது அபயம், அதாவது பயமின்மை. க்ஷமை அதே பட்டியலில் மூன்றாம் சுலோகத்தில்தான் வருகிறது. இந்த வரிசை தற்செயலானதன்று என்றே நான் கொள்கிறேன். அஞ்சாத நெஞ்சிலேதான் மன்னிப்பு முளைக்க முடியும். அஞ்சி நடுங்குகிறவளைப் பார்த்து மன்னித்துவிடு என்று சொல்வது, கையிலே ஒரு காசும் இல்லாதவளிடம் தர்மம் செய் என்று சொல்வதைப் போன்றது.

இனி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் உண்மையில் என்ன தருகிறது என்று பார்ப்போம். கோர்ட்டுக்குப் போவதென்றாலே கணவனை ஜெயிலுக்கு அனுப்புவது என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அதுவே பல பெண்களின் காலைக் கட்டுகிறது. இந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆணை தண்டனை அன்று. நடந்ததற்குப் பழிவாங்கச் சொல்லி அது கேட்பதில்லை. இனி நடக்கக் கூடாது என்று மட்டுமே கேட்கிறது. அடிக்காதே, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்த் தொந்தரவு செய்யாதே, போனிலும் நேரிலும் மிரட்டாதே, அவளுடைய ஸ்திரீதனத்தை விற்காதே, அவளுக்கு உதவியவர்களைத் துன்புறுத்தாதே என்று நடுவர் எழுத்தில் இடுகிற கட்டளை அது. கிரிமினல் நடுவரின் முன்னால் நடந்தாலும், கேட்கப்படும் நிவாரணம் சிவில் தன்மை கொண்டதென்று உச்ச நீதிமன்றமே விளக்கியிருக்கிறது. ஆணையை மீறினால்தான் குற்றம். அதற்குத்தான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. இதைக் கேட்பவள் கேட்பது அடுத்த அடி விழாமல் இருக்க ஒரு வேலி. அகிம்சையை விரதமாகக் கொண்டவரும் வெட்கமின்றிக் கேட்கக் கூடிய ஒரு வரம் இது.

மனுவைக் கொடுக்கும் வழியும் எளிது. மாவட்டந்தோறும் சமூக நலத் துறையின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனால் நடந்தவற்றைக் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி, மனுவையும் சேர்த்து நடுவருக்கு அனுப்புவார். அவரிடம் போகாமல் வக்கீல் மூலமாகவோ தானாகவோ நேரே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கொடுத்தாலும் செல்லும். எந்த ஊர்க் கோர்ட் என்று குழம்ப வேண்டியதில்லை. அவள் நிரந்தரமாக வசிக்கிற ஊர், அடி தாங்காமல் ஓடிவந்து தாற்காலிகமாகத் தங்கியிருக்கும் தாய் வீட்டு ஊர், வேலை பார்க்கும் ஊர், கணவன் இருக்கும் ஊர், சம்பவம் நடந்த ஊர் ஆகிய எதுவானாலும் அங்குள்ள முதல் வகுப்பு நடுவருக்கு அதிகாரம் உண்டு. குடும்ப நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு நடந்துகொண்டிருந்தால் அங்கேயே இந்த நிவாரணத்தையும் கேட்கலாம். பணமில்லை என்ற கவலையும் வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் எந்தப் பெண்ணுக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு, அதற்கென்றே கோர்ட் வளாகங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. மனு கிடைத்ததிலிருந்து வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் விருப்பம். நம் கோர்ட்டுகளில் வாய்தா வளர்கிற விதத்தை அறிந்தவர்களுக்கு அந்த 60 நாள் எவ்வளவு தூரம் நீளும் என்பது தெரியும். அதனாலேயே, உடனடி ஆபத்து இருந்தால் பிரமாண வாக்குமூலம் ஒன்றைத் தாக்கல் செய்து, எதிர்த்தரப்பு வருமுன்பே ஒருதலைப்பட்சமாக இடைக்கால ஆணை கேட்கும் வழியைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. மனு எழுதும்போது இதைக் கேட்க மறந்துவிடக் கூடாது.

இந்தச் சட்டத்தின் விதிகளோடு இணைத்த படிவங்களில் ஐந்தாவது ஒன்று உண்டு. பாதுகாப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு தாள். முதல் கட்டத்தில், அவன் செய்தது என்ன; அடுத்ததில், அதனால் அவளுக்கு நேர்ந்தது என்ன. மூன்றாவது கட்டம், இனி என்ன நடக்கும் என்று அவள் அஞ்சுகிறாள் என்பதை எழுதுவதற்கானது. மீண்டும் அடிப்பான் என்ற பயம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்ற பயம், வீட்டைவிட்டுத் துரத்துவான் என்ற பயம் எல்லாம் அங்கே ஒவ்வொன்றாக இடம் பெறுகின்றன. அதை அடுத்து, அந்த அச்சம் நீங்க என்ன செய்ய வேண்டும், கோர்ட்டிடம் என்ன ஆணை கேட்கிறாள் என்ற கட்டங்கள். அச்சுப் பிழையும் மங்கிய எழுத்துமாக ஜெராக்ஸ் எடுத்த அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது, ராஜ்யம் ஒரு பிரஜையைப் பார்த்து, நீ எதற்கு அஞ்சுகிறாய் என்று கேட்கிற இடம் நம் நிர்வாகத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றிற்று.

அபயம் தருவதை நம் முன்னோர் தானங்களில் தலையாயதாக வைத்தார்கள். அதைக் கேட்பது எப்படிப்பட்டது என்பதற்கு யுத்த காண்டத்தில் விபீஷணன் கடலைத் தாண்டி வந்து நிற்கிற கட்டத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வேதாந்த தேசிகர் அந்த ஒரு கட்டத்தையே பொருளாகக் கொண்டு அபயப்ரதான சாரம் என்னும் நூலைச் செய்தார். வந்தவன் யார்? தன் அண்ணனின் வீட்டைவிட்டு வந்தவன். முதலில் அவன் அண்ணனுக்கே புத்தி சொன்னான். ஒரு முறை அன்று, பல முறை சொன்னான். பதிலுக்குக் கிடைத்தது அவமானம். பிறகே புறப்பட்டான். சுக்ரீவன் சந்தேகப்பட்டான், உடன்பிறந்தவனைக் கைவிட்டு வருகிறவன் நாளை யாரைத்தான் கைவிட மாட்டான் என்று வாதித்தான். இராமன் அந்த வாதத்தைக் கேட்டும், அடைக்கலம் என்று ஒரு தடவை சொன்னவனுக்கும் எல்லாப் பிராணிகளிடமிருந்தும் அபயம் அளிப்பது தன் விரதம் என்று சொல்லி அதைக் கடந்து போனான். இலங்கையில் நிகும்பிலையில் இந்திரஜித் தன் சிற்றப்பனை நேருக்கு நேர் பார்த்து, குலத்தைக் காட்டிக் கொடுத்தவனே என்று இகழ்ந்த வார்த்தைகளைப் படிக்கிறபோது, கோர்ட்டுக்குப் போன மருமகளைப் பார்த்து இன்றும் நம் ஊர்த் திண்ணைகளில் பேசப்படும் வார்த்தைகள் அப்படியே காதில் விழுகின்றன. விபீஷணன் வெட்கித் தலைகுனியவில்லை. தர்மத்திலிருந்து வழுவியவனை விட்டு விலகுவது குலத்துரோகம் அன்று என்று விடை சொன்னான்.

சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் சொல்லும் நம் வைஷ்ணவ ஆசாரியர்கள், அவற்றுள் ஒன்றாகக் கோப்த்ருத்வ வரணத்தை வைத்தார்கள். நீ என்னைக் காக்க வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொள்வது. எல்லாம் அறிந்த பகவானுக்கு இவள் படும் துன்பம் தெரியாதா, கேட்டால்தான் காப்பானா என்று ஒரு சந்தேகம் எழும். காக்கும் பொறுப்பை ஒருவர்மீது வைப்பது காக்கப்படுபவரின் சம்மதத்தால் நடக்க வேண்டும், வலிய வந்து காப்பது அவரைச் சேதனராக மதித்ததாகாது என்பதே அந்தச் சந்தேகத்துக்கு நான் காணும் விடை. கேட்பது தாழ்வு அன்று. தான் ஓர் ஆத்மா, தனக்கும் ஒரு விருப்பம் உண்டு என்று வெளிப்படுத்துவதே கேட்பது. மனுவில் கையெழுத்துப் போடுகிற பெண் செய்வதும் அதுதான். அதே சமயம், வாய்திறக்கும் தெம்புகூட இல்லாதவளுக்காக வேறொருவர் பேசலாம் என்பதையும் அந்தச் சம்பிரதாயம் ஒப்புக்கொண்டு, அதற்குப் புருஷகாரம் என்று பெயர் வைத்தது. இந்தச் சட்டத்திலும் அதற்கு இடமிருக்கிறது. வன்முறை நடக்கிறதென்று நல்ல எண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கும் எவர்மீதும் அதற்காக வழக்கோ நஷ்டஈட்டுப் பொறுப்போ வராது. அவளுக்காக வேறொருவர் மனுவும் கொடுக்கலாம். அடுத்த வீட்டில் ராத்திரி கேட்கிற அலறலைக் காதில் வாங்கிக்கொண்டு டெலிவிஷன் சப்தத்தைக் கூட்டுகிறவர்களுக்கு இனி சட்டத்தின் பேரில் சாக்குச் சொல்ல இடமில்லை.

இது வைஷ்ணவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று யாரும் கொள்ள வேண்டாம். சட்டமும் மதம் பார்ப்பதில்லை. திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயம், கணவனைப் பற்றி நபிகளிடம் வாதாடி முறையிட்ட கவ்லா என்னும் பெண்ணின் குரலை இறைவன் கேட்டான் என்றுதான் தொடங்குகிறது. அத்தியாயத்துக்கே வாதாடும் பெண்ணின் பேரால் பெயர். லூக்கா சுவிசேஷத்தில் இயேசு சொன்ன உவமையில், ஈவிரக்கமற்ற நீதிபதியின் வாசலை விடாமல் நாடிவந்து தனக்கு நியாயம் வழங்கும்படி கேட்கிற விதவை, ஜெபத்தில் சோர்ந்துபோகாமைக்கே உதாரணமாக நிற்கிறாள். சிலுவையைச் சுமந்துகொள் என்று அடிபட்டவளுக்குப் புத்தி சொல்லும் போதகர்கள் அந்த விதவையையும் ஒருமுறை பிரசங்கத்தில் எடுக்கலாம். நம் கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள், அவள் சிலம்பைக் கையில் ஏந்தி ஆண்கள் நிறைந்த அவைக்குள் தனியாக நுழைந்தவள் என்பதைக் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. அத்தனை பேர் முன்னால் பேச முடியாதவளுக்கு இன்று வேறு வழியும் உண்டு. இரு தரப்பில் ஒருவர் விரும்பி, நடுவருக்கும் அது தேவை என்று பட்டால், விசாரணையை மூடிய அறையில் நடத்தலாம்.

சமாதானம் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கெடுக்கலாமா என்பது அடுத்த தடை. போலீஸ் ஸ்டேஷனிலும் பஞ்சாயத்திலும், “புருஷன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும், சமாதானமாப் போங்க” என்று இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிற வழக்கத்தைத்தான் இதைச் சொல்பவர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள். இந்தச் சட்டத்திலும் நடுவர் ஆலோசனைக்கு அனுப்பலாம். ஆனால் அதன் விதிகளில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை நான் எத்தனை தடவை படித்தாலும் வியக்கிறேன். அடித்ததற்கு நியாயம் சொல்ல அந்த ஆலோசனையில் எதிர்த்தரப்புக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்பதைத் தொடங்குமுன்பே அவனுக்குத் தெரிவித்துவிட வேண்டும். சாப்பாடு சரியில்லை, எதிர்த்துப் பேசினாள், அம்மாவை மதிக்கவில்லை என்று எந்தக் காரணமும் அடிக்கு நியாயமாக அங்கே ஏறாது. எத்தனையோ பஞ்சாயத்துகள் இந்த ஒரு நியதியைக் கைக்கொள்ளாமல்தான் சமாதானம் என்ற பெயரால் பெண்களை மீண்டும் அதே அடுக்களைக்குள் தள்ளியிருக்கின்றன.

புகுந்த வீட்டைவிட்டுப் பிணமாகத்தான் வெளியே வர வேண்டும் என்ற கொடிய சொல்லும் இந்த நாட்டில் வழங்கி வந்திருக்கிறது. வெளியே வரவே வேண்டாம் என்கிறது சட்டம். வீடு யார் பேரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த இல்லத்தில் இருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. மாமனார் பேரிலுள்ள வீடும் அதில் சேரும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவையானால் அடித்தவனையே வெளியேறச் சொல்ல நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. மனைவிக்கு மட்டுமன்றி, மகன் கையால் அடிபடும் தாய்க்கும், அண்ணன் வீட்டில் வதைபடும் தங்கைக்கும் இதே வாசல் திறந்திருக்கிறது. பொய் மனுக்கள் வராதா என்றால், வரலாம். பொய்ச் சத்தியம் செய்கிறவர்கள் இருப்பதால் கோயிலைப் பூட்டிவிடுவதில்லை. எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்டே நடுவர் இறுதி ஆணை இடுகிறார். அதன்மேல் செஷன்ஸ் கோர்ட்டில் 30 நாளுக்குள் அப்பீல் உண்டு.

அடித்த கணவனுடைய ஆத்மாவைப் பற்றியும் அந்தப் பெண் கவலைப்படுகிறாள். நம் பெண்கள் அப்படிப்பட்டவர்கள். அவளுக்கு நான் சொல்வது இது: ஒவ்வொரு அடியும் அடிபட்டவளுக்குக் காயமாவதைப்போல அடித்தவனுக்குப் பாவமாகச் சேர்கிறது, அடுத்த அடியைத் தடுப்பவள் அவனுக்கும் நன்மையே செய்கிறாள். விபீஷணனும் கடைசிவரை அண்ணனின் தம்பியாகவே இருந்தான். இராவணன் விழுந்தபின், இவனுக்குக் கர்மம் செய்ய மாட்டேன் என்று மனம் கசந்து நின்றவனிடம், பகை மரணத்தோடு முடிந்தது என்று இராமன் எடுத்துச் சொல்ல, அவனே அந்திமக் கிரியைகளைச் செய்தான். அடைக்கலம் புகுந்ததால் உறவு அற்றுப்போகவில்லை. சட்டமும் உறவை அறுக்கச் சொல்லவில்லை. பாதுகாப்பு ஆணைக்காக விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை, அதே வீட்டில் அவனோடு இருந்துகொண்டே அதைப் பெறலாம். ஆணை எதுவரைக்கும் இருக்கும் என்று கேட்பவளுக்கு 25ஆம் பிரிவு விடை சொல்கிறது: நிலைமை மாறிவிட்டதென்று எந்தத் தரப்பும் நடுவரிடம் சொல்லி மாற்றம் கேட்கலாம், மற்றபடி, இனி எனக்கு இது வேண்டாம் என்று அவளே வந்து மனுக் கொடுக்கும்வரை அது நிற்கும். அவன் உண்மையிலேயே திருந்தினான் என்று அவள் மனம் நம்பி, மன்னிக்கிற நாள் வந்தால், அன்றைக்கு அதே கோர்ட்டுக்குப் போய், யாருக்கும் அஞ்சாமல், தன் கையெழுத்தாலேயே அதைத் திருப்பிக் கொடுக்கலாம்.